ஒரே ஒரு ரிங்

அத்தியாயம் பதினான்கு

கடன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது, வீட்டு மனை பார்க்கிறீர்களா என்று அப்பாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நம்பர்களையெல்லாம் பெரியவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடுத்துத் தீர்த்ததைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். அது நடந்து சில வாரங்கள் ஓடிவிட்டன. போன் அமைதியாகிவிட்டது. அப்பாதான் அமைதியாக இல்லை.

காபியில் சர்க்கரை இல்லை என்றார். போட்டுக் கொடுத்தால் இது என்ன பாயாசமா என்றார். லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று லிஃப்டோடு சண்டை போட்டார். என்னப்பா ஆச்சு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுக் கேட்டுப் பெரியவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், இவர் பக்கத்து சீட்டில் இருப்பார், இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்தியே பழகிய கால். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும்.

அம்மா போன கொஞ்ச நாளிலேயே சின்னவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். அன்றைக்கும் அந்தக் கால் தரையை அழுத்தியது. “எந்த சீட்ல உட்கார்ந்தாலும் என் பிரேக் உங்க கால்லதான் இருக்குப்பா” என்று அவன் வாயை விட்டான். அவர் எல்லார் முன்னாலும் போனை எடுத்து அவன் பெயரை அழித்தார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் பெரியவள் கிடந்து அல்லாடுகிறாள். ஒருமுறை தம்பியை வீடியோ காலில் பிடித்து அப்பாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை மூடிவிட்டார்.

இது வரை உள்ள கதை இது. இனி இந்த வாரம்.

பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது, காது வளைவைச் சூடு காட்டி வளைப்பது, மூக்கில் உட்காரும் குமிழைத் திருகி மாட்டுவது. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை தெரிவது தன்னால்தான் என்று அவளுக்குள் சின்னதாக ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டும், இன்று சாயங்காலத்துக்குள் அது தீர்ந்துவிடும்.

காலையில் கடை திறந்ததும் கவுன்ட்டர் பெண் அழுது சிவந்த கண்களோடு வந்து நின்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவளை பிளாக் செய்துவிட்டானாம். காரணம் பெரியவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. எதிரே ஒரு லென்ஸ் அரைகுறையாக நின்றது.

“பிளாக் பண்ணினான்னு உனக்கு எப்படித் தெரியும்? வேலையா இருப்பான். எடுக்கலை, அவ்வளவுதானே?”

“இல்லக்கா. பிளாக் பண்ணினா அது நம்மகிட்ட சொல்லாது. வாயைத் திறக்காது. நாம கூப்பிட்டா ‘அழைக்கிறது’ன்னு மட்டும் நிக்கும். சாதாரணமா போச்சுன்னா ‘ஒலிக்கிறது’ன்னு மாறும் இல்லையா, அது மாறவே மாறாது. இங்க நமக்கு ரிங் போற மாதிரியே இருக்கும். அங்க அவன் போன் சும்மா கிடக்கும்.”

“போன் ஆஃப்ல இருந்தாலும் அப்படித்தானே காட்டும்?”

“என் தங்கச்சி போன்லேர்ந்து அடிச்சேன். உடனே ‘ஒலிக்கிறது’ன்னு வந்துது. அதுல தெரிஞ்சு போச்சு.” அதைச் சொல்லும்போது அவள் துப்பறிந்த பெருமையில் அழுகையைக்கூடக் கொஞ்சம் நிறுத்தியிருந்தாள்.

பெரியவள் அலுத்துக்கொண்டாள். கதவை முகத்தில் அறைந்து சாத்துவதே மேல், சத்தமாவது கேட்கும் என்றாள். பிறகு போய் லென்ஸை எடுத்தாள். எடுத்த கையோடு அவள் போன் அடித்தது.

பயிற்சிப் பள்ளியை நடத்தும் அம்மாள். நிதானமான மனுஷி, குரலை உயர்த்தாதவர். இன்றைக்கு உயர்த்தினார். மாஸ்டர் வண்டியை இடித்துவிட்டாராம். இல்லை, ஓட்டியது கற்றுக்கொள்ள வந்த பெண்தான், ஆனால் குப்பைத்தொட்டி வருகிறது வருகிறது என்று அந்தப் பெண்ணே கத்தியும் மாஸ்டர் பிரேக்கை மிதிக்கவில்லையாம். யாருக்கும் அடியில்லை. உடனே வந்து அழைத்துப் போங்கள் என்றார்.

பிரேக்கை மிதிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்தே மிதிக்கிறவர். பெரியவள் லென்ஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். வழியெல்லாம் பயம், போய்ச் சேர்ந்து அவர் முழுசாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அத்தனை பயமும் ஆத்திரமாக மாறியது. முன்பக்க பம்பர் ஒரு பக்கமாகத் தொங்கிய கார் வாசலில் நின்றது. சக்கரத்தில் வாழைப்பழத்தோல் ஒட்டியிருந்தது.

பள்ளி நடத்தும் அம்மாள் அவளைத் தனியே அழைத்தார். சில வாரங்களாகவே முதல் வகுப்பு நடக்கும் நேரத்தில் மாஸ்டர் போனைப் பார்க்கிறார் என்று கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முறையிடுகிறார்களாம். மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்ப்பாராம். போன் அடிக்கிறதா என்றால் அதுவும் இல்லையாம். “எனக்கு அவர்மேல மரியாதை இருக்கும்மா. ஆனா அந்த சீட்டுல உட்கார்றவர் ரோட்டைப் பார்க்கணும். இனி வகுப்பறையில பலகை முன்னாடி பாடம் எடுக்கட்டும். வண்டியில வேண்டாம்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மாடியேறி, செருப்பைக் கழற்றி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் கேட்டாள்.

“போன்ல என்னப்பா பார்த்தீங்க?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாததைப் பார்த்துட்டுத்தான் குப்பைத்தொட்டிக்குள்ள விட்டீங்களா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஒருத்தன் தினம் ஒரு ரிங் அடிப்பான். அடிச்சுட்டு கட் பண்ணிடுவான். இப்போ நிறுத்திட்டான். அவ்வளவுதான்.”

யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்தப் பழக்கம் அம்மா ஏற்படுத்தியது. சின்னவன் படிக்கப் போன காலத்திலிருந்தே, போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் கொடு, நான் எடுக்க மாட்டேன், நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சா போதும் என்பாள். அம்மா போன பிறகு அவன் அந்த ரிங்கை அப்பாவின் போனுக்கு மாற்றிவிட்டிருக்கிறான். சண்டை போட்டு, பெயரை அழித்து, துண்டால் மூடி, அத்தனைக்கும் பிறகு இருவரும் திருட்டுத்தனமாக இதை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீடியோ காலில்தான் அடிப்பானாம். எடுத்தால் முகம் தெரியுமே என்ற நப்பாசை அவனுக்கு, எடுத்தால் முகம் தெரிந்துவிடுமே என்ற பயம் இவருக்கு.

பெயரை அழித்தவர் நம்பரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதையும் அவர் சொல்லவில்லை. அவளாகப் புரிந்துகொண்டாள்.

“திடீர்னு ஒருநாள் வரலை. சரி, ஏதோ வேலைன்னு நினைச்சேன். அடுத்த நாளும் இல்லை. அப்புறம் இல்லவே இல்லை.” அவர் எழுந்தார். “மறந்துட்டான். மறக்கட்டும். நானும் இனிமே பார்க்கப் போறதில்லை. அந்த அம்மா சொன்ன மாதிரி பலகை முன்னாடி நின்னுட்டு வரேன். சாயங்காலம் இந்த போனையும் எடுத்துட்டுப் போயிடு.”

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பட்டப்பகலில் படுக்கிற ஆள் இல்லை அவர்.

கடைக்குத் திரும்பும்போது பெரியவளுக்கு மண்டைக்குள் கொதித்தது. அப்பாமேல் ஒரு பங்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் மனுஷன் இத்தனை நாள் உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கிறார். மிச்சம் மொத்தமும் தம்பிமேல். வருஷத்துக்கு ஒருதரம் வா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போவது, கரண்ட் போனால் ஆள் பார்ப்பது, இப்போது குப்பைத்தொட்டியிலிருந்து மீட்பது, எல்லாம் இவள் தலையில். அவன் செய்ய வேண்டியது ஒரு ரிங். விரலை ஒருதரம் வைத்து எடுக்கிற வேலை. அதையும் நிறுத்திவிட்டானா?

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். அதையும் அப்பா முன்னால் கேட்க வேண்டும். அவன் சொல்லும் சாக்கை அவர் காதால் கேட்க வேண்டும்.

சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் கண் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனைச் சாய்த்து வைத்து மூன்று பேருக்கான வீடியோ காலைப் போட்டாள். அப்பா இவள் பெயரைப் பார்த்து எடுத்தார். திரையில் அவர் நெற்றியும், நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியும், சீலிங் ஃபேனும் தெரிந்தன. போனை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த கட்டம் திறந்தது. சின்னவன். கழுத்தில் அலுவலக அட்டை, பின்னால் யாரோ நடந்து போகும் கண்ணாடிச் சுவர். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அடுத்த கட்டத்தில் அப்பாவின் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றான்.

அப்பாவும் பார்த்துவிட்டார். அவர் கட் பண்ணவில்லை. துண்டும் வரவில்லை.

அந்த ஒரு நொடியில் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து சேர்த்து வைத்த கொதிப்பு சும்மா இருக்குமா? கொட்டினாள். வண்டி இடித்ததைச் சொன்னாள், சீட்டு போனதைச் சொன்னாள், அவர் தினமும் மடியில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்ததைச் சொன்னாள். “கொடுத்துக்கிட்டிருந்ததை எதுக்குடா நிறுத்தினே? ஒரு ரிங் அடிக்கக்கூட உன் விரலுக்கு வலிக்குதா?”

சின்னவன் விழித்தான்.

“என்னக்கா பேசறே? நான் எங்க நிறுத்தினேன்? தினம் அடிக்கிறேன். இன்னிக்குக் காலைலகூட அடிச்சேன்.”

“பொய் சொல்லாதே.”

“நான் எதுக்குப் பொய் சொல்லணும்? ஒரு ரிங் அடிச்சேன், கட் பண்ணினேன். எப்பவும் போல.”

அப்பாவின் நெற்றி அசைந்தது. முகம் முழுசாகத் திரைக்குள் வந்தது. அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததை அவள் பார்த்தாள். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். திரையின் மேல்பக்கம் எதையோ உற்றுப் பார்த்தார். பள்ளிக்கூடப் பையன்போல் ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார்.

“நீங்கள்... தடுத்துள்ள... ஒருவர்... இந்த அழைப்பில்... இருக்கிறார்.” நிமிர்ந்தார். “இது என்னம்மா? எப்போலேர்ந்து நிக்குது இது? நான் யாரைத் தடுத்தேன்?”

பெரியவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே கண்முன் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு ரிங் அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள், திருப்பிக் கூப்பிட்டால் தொலைந்தோம் என்று யாரோ அனுப்பிய எச்சரிக்கையை அவள் அப்போதுதான் படித்திருந்தாள். அப்பாவின் போனில் அப்படியே ஒன்று இருந்தது. பெயர் இல்லை, படம் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மைத் தலை, நீளமான நம்பர். தினமும் காலையில் வீடியோ கால், தினமும் ஒரே ரிங். இவனுக்கு என்ன கொழுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அதைத் தடுத்தாள். அவள் போனில் அவன் ‘தம்பி’. இந்தக் காலத்தில் நம்பரை யார் பார்க்கிறார்கள்?

அவன் எப்போதும் முதல் ரிங்கிலேயே கட் பண்ணுகிறவன். ‘ஒலிக்கிறது’ என்று மாறுகிறதா என்று பார்க்க அவனுக்கு வேளை ஏது? யாரும் எடுக்காதது அவனுக்குப் புதிதும் இல்லை. எடுக்காமல் இருப்பதுதானே அந்த வீட்டின் வழக்கம்.

“ஓ” என்றான் சின்னவன். குரல் தணிந்திருந்தது. “பெயரை அழிச்சது போதலையாப்பா?”

“டேய், இரு. அப்பா இல்லைடா, நான்—”

அவன் கேட்கவில்லை. அவன் கட்டம் மறைந்தது. மீதி இரண்டு கட்டங்களும் தாமாகவே பெரிதாயின. ஒன்றில் அப்பா. இன்னொன்றில் இவள் முகமும், முதுகுக்குப் பின்னால் பெரியதிலிருந்து சின்னதாக இறங்கும் எழுத்துப் பலகையும். தன்னையே பார்க்கப் பிடிக்காமல் போனைக் கவிழ்த்தாள்.

உடனே தம்பியைக் கூப்பிட்டாள். ‘ஒலிக்கிறது’ என்று வந்தது. அவன் கட் பண்ணினான். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி கட் பண்ணினான். நடந்ததையெல்லாம் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் வீம்பில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இன்றைக்கு வீம்பைத் திட்டும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் உறைத்தது.

கடையைக் கவுன்ட்டர் பெண்ணிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தவர் ஷேவ் பண்ணியிருந்தார். அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். தொல்லை நம்பர் என்று நினைத்தேன், உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், தப்பு முழுக்க என்னுடையது. அவர் கையை அசைத்து அதை ஒதுக்கினார்.

“அப்போ அவன் நிறுத்தலை.”

“நிறுத்தலைப்பா.”

“தினம் அடிச்சிருக்கான்.”

“தினம்.”

“அதெல்லாம் எங்கம்மா இருக்கு? இப்போ திறந்துவிட்டா வந்து விழுமா?”

விழாது என்றாள். தடுத்திருந்தபோது வந்தது வராதது மாதிரிதான், எங்கேயும் சேர்ந்து கிடக்காது என்று விளக்கினாள். அவர் அதற்கும் வருத்தப்படவில்லை. பரவாயில்லை, அவன் அடித்தானே என்றார். பெரியவளுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும், இதைத் தாங்க முடியவில்லை.

அவர் போனை நீட்டினார். தடுத்த நம்பர்களின் வரிசையில் அதைத் தேடி அவரே விரலால் காட்டினார். அவள் தடையை நீக்கினாள்.

“அவன் கோவமா இருக்கான்பா. நான் விவரமா அனுப்பியிருக்கேன், கேட்டா புரிஞ்சுப்பான். ரெண்டு நாள் விடுங்க.”

“எதுக்கு ரெண்டு நாள்? இப்பவே நான் ஒரு ரிங் குடுக்கறேன்.”

அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். இத்தனை நாளில் அவர் பக்கமிருந்து ஒருதரம்கூடப் போனதில்லை. அவர் ஜன்னலோரம் போய் நின்று, முதுகை நிமிர்த்தி, வீடியோ படத்தைத் தொட்டார். சிவப்பு பட்டனைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

அழைக்கிறது.

அழைக்கிறது.

‘ஒலிக்கிறது’ என்று மாறவில்லை. சிக்னல் பட்டைகள் நிறைந்திருந்தன. அவர் பட்டனைக் கண்டுபிடித்து அழுத்தினார்.

“அடிச்சாச்சு” என்றார். சட்டைப் பையில் போனைப் போட்டுத் தட்டிக்கொண்டார். நாளைக்குப் போய் அந்த அம்மாளிடம் பேசுவதாகவும், இனி ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்று சொன்னால் சீட்டைத் திருப்பிக் கொடுப்பார் என்றும் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனார். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டார். இருவருக்கும் அவரே காபி போடப் போகிறாராம்.

பெரியவள் பால்கனிக்குப் போய்த் தன் போனிலிருந்து தம்பியைக் கூப்பிட்டாள். உடனே ‘ஒலிக்கிறது’ என்று வந்தது. அவன் கட் பண்ணினான். அவள் அனுப்பியது இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது. கவுன்ட்டர் பெண் காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

உள்ளிருந்து கரண்டிச் சத்தத்தோடு அப்பாவின் குரல் கேட்டது.

“பார்த்திருப்பான் இல்ல?”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“பார்த்திருப்பான்பா.”

“இனிமே தினம் நானே அடிக்கிறேன். எடுக்க வேண்டாம், நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சா போதும் அவனுக்கு” என்றார் அப்பா.